அமெரிக்காவில் எச்.ஓ.ஏ. டியூஸ், கட்டணம், அபராதம்: வீடு வாங்கும் நாள் முதல் விற்கும் நாள் வரை

டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ, வட கரோலினாவில் கேரி, கலிஃபோர்னியாவில் சான் ரமோன் என்று நம்மவர்கள் வீடு வாங்கும் ஊர்களில் புதிய வீடுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு எச்.ஓ.ஏ.வுக்குள்தான், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குள்தான், இருக்கின்றன. விலை, வட்டி, பள்ளிக்கூட ரேட்டிங் மூன்றையும் வாரக்கணக்கில் அலசுகிறோம். லிஸ்டிங்கின் ஓரத்தில் இருக்கும் எச்.ஓ.ஏ. தொகையை மட்டும் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: டியூஸ் வேறு, அபராதம் வேறு. டியூஸ் என்பது பொதுச் செலவில் உங்கள் பங்கு. அபராதம் என்பது விதியை மீறினீர்கள் என்று போர்டு, அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழு, விதிக்கும் தண்டனை. இரண்டுக்கும் சட்டம் வேறு, கெடு வேறு, கட்டாவிட்டால் வரும் விளைவும் வேறு. அபராதத்தை எதிர்த்துப் போராடலாம். பல நேரம் போராடவும் வேண்டும். அந்தக் கோபத்தில் டியூஸை நிறுத்தியவர்கள்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது

எச்.ஓ.ஏ. அரசு அமைப்பு கிடையாது. பெரும்பாலும் லாப நோக்கமற்ற தனியார் நிறுவனமாகப் பதிவானது. பில்டர் முதல் வீட்டை விற்கும் முன்பே ‘டிக்ளரேஷன்’ என்ற பத்திரத்தை கவுன்டியில் பதிவு செய்துவிடுவார். எல்லோரும் ‘சிசி அண்ட் ஆர்’ என்று சொல்வது இதைத்தான். அது நிலத்தோடு ஒட்டியது. பின்னாளில் வீட்டை யார் வாங்கினாலும், பத்திரத்தைப் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்குக் கட்டுப்பட்டவர்தான். எனக்கு உறுப்பினர் பதவி வேண்டாம், நீச்சல் குளத்துக்கு நான் போவதே இல்லை என்றெல்லாம் சொல்லி விலக முடியாது.

அதிகார வரிசை முக்கியம். மேலே மத்திய, மாநிலச் சட்டங்கள். அதன் கீழே டிக்ளரேஷன். அதற்குக் கீழே பைலா, அதாவது சங்கத்தை நடத்தும் முறை பற்றிய விதிகள். கடைசியில்தான் போர்டு அவ்வப்போது போடும் விதிகள். கீழே இருப்பது மேலே இருப்பதற்கு முரணாக இருந்தால் செல்லாது. உங்கள் மீது அபராதம் விழும் நாளில் இந்த வரிசை கைகொடுக்கும்.

போர்டில் இருப்பவர்கள் உங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள், சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். கடிதம் அனுப்புவது பெரும்பாலும் அவர்கள் அமர்த்திய மேனேஜ்மென்ட் கம்பெனி. முடிவெடுக்கும் உரிமை போர்டுக்குத்தான். ஆகவே எதை எழுதினாலும் இருவருக்கும் எழுதுங்கள். அபராதம் விழுந்தால் அது குற்றமாகப் பதிவாகிவிடுமோ என்று விசாவில் இருப்பவர்கள் பலருக்குள் ஒரு பயம் இருக்கிறது. எச்.ஓ.ஏ. அபராதம் ஒரு தனியார் ஒப்பந்தத்தின்கீழ் வரும் பணக் கோரிக்கை மட்டுமே. அது குற்றப் பதிவு ஆகாது.

படி 1: வாங்கும் முன் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

ஆஃபர் ஏற்கப்பட்டதும், பின்வாங்க அவகாசம் இருக்கும்போதே, இவற்றைக் கையில் வாங்குங்கள்: டிக்ளரேஷன், பைலா, விதிகள், அபராதப் பட்டியல், நடப்பு ஆண்டு பட்ஜெட், ரிசர்வ் ஸ்டடி, கடந்த ஓராண்டு போர்டு மீட்டிங் குறிப்புகள், இன்ஷூரன்ஸ் சான்று. டெக்சாஸில் இதில் பெரும்பகுதி ‘ரீசேல் சர்டிஃபிகேட்’ என்ற கட்டாக வரும். அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

நேரமில்லை என்றால் மீட்டிங் குறிப்புகளை மட்டுமாவது படியுங்கள். கூரை ஒழுகுகிறது, வழக்கு நடக்கிறது, 30 பேர் டியூஸ் கட்டவில்லை போன்ற எந்த விளம்பரத்திலும் வராத செய்திகள் அங்கேதான் கிடக்கும். முந்தைய உரிமையாளர் மீது தீராத வயலேஷன் (விதிமீறல்) இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அனுமதி வாங்காமல் அவர் போட்ட பெர்கோலா பந்தல் நாளை உங்கள் தலையில் விடியும்.

எச்.ஓ.ஏ. டியூஸோடு வேறு சிலவற்றைக் குழப்பிக்கொள்வதும் சகஜம். டெக்சாஸின் மட் வரி, கலிஃபோர்னியாவின் மெல்லோ ரூஸ், ஃப்ளோரிடாவின் சி.டி.டி. ஆகிய மூன்றும் சாலை, குடிநீர் போன்ற வசதிகளுக்காக உள்ளூர் அரசு அமைப்புகள் வசூலிப்பவை, எச்.ஓ.ஏ.வுக்குச் சம்பந்தமில்லாதவை, பெரும்பாலும் சொத்து வரி பில்லோடு வருபவை. ஒரே வீட்டுக்கு எச்.ஓ.ஏ. டியூஸும் இவற்றில் ஒன்றும் சேர்ந்தே இருக்கலாம். கடன் கொடுப்பவர் உங்கள் தகுதியைக் கணக்கிடும்போது டியூஸையும் சேர்த்துத்தான் பார்ப்பார். ஆனால் சொத்து வரி, இன்ஷூரன்ஸ் போல அதை எஸ்க்ரோவிலிருந்து (மாதத் தவணையோடு சேர்த்து வாங்கிக் கடன் கொடுப்பவர் வைத்திருக்கும் கணக்கு) கட்டுவது வழக்கமில்லை. மார்ட்கேஜ் கட்டிவிட்டோமே என்று இருந்தால் டியூஸ் அப்படியே நிற்கும்.

படி 2: டியூஸ் எப்படி வந்தது என்று பாருங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. 200 தனி வீடுகள் உள்ள கம்யூனிட்டி. தோட்டப் பராமரிப்பு, குளம், தண்ணீர், மின்சாரம், இன்ஷூரன்ஸ், மேனேஜ்மென்ட் என ஆண்டுச் செலவு 1,80,000 டாலர். எதிர்காலப் பெரிய வேலைகளுக்கு 60,000 டாலர். மொத்தம் 2,40,000. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 1,200, மாதம் 100 டாலர். காண்டோவாக (சொந்த அடுக்குமாடி வீடு) இருந்தால் பல இடங்களில் வீட்டின் பரப்பையோ டிக்ளரேஷனில் எழுதிய சதவீதத்தையோ வைத்துப் பிரிப்பார்கள். கூரை, வெளிச்சுவர், லிஃப்ட் எல்லாம் பொதுச் சொத்து என்பதால் அங்கே தொகையும் அதிகம்.

அந்த 60,000தான் ரிசர்வ். எந்தக் கம்யூனிட்டியின் உண்மை நிலையையும் சொல்வது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கூரை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும், இன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது ரிசர்வ் ஸ்டடி. கலிஃபோர்னியாவில் 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்து இதைச் செய்ய வேண்டும். இருக்க வேண்டிய தொகையில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, 30க்குக் கீழே என்றால் ஆபத்து என்பது இத்துறையினர் பொதுவாக வைத்துள்ள அளவு. டியூஸ் குறைவு என்று மகிழும் முன் இந்தச் சதவீதத்தைக் கேளுங்கள்.

ரிசர்வ் போதாதபோது, டியூஸுக்கு மேல் எல்லா வீட்டிலும் தனியாக வசூலிப்பது ஸ்பெஷல் அசெஸ்மென்ட். ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் இருந்த சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டடத்தில் பெரிய கட்டுமானச் சேதம் இருப்பதை 2018லேயே பொறியாளர் அறிக்கை சொல்லியிருந்தது. பழுதுபார்க்க ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டுக்கு 2021இல் ஒப்புதல் வந்தது. ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்சப் பங்கே 80,000 டாலரைத் தாண்டியது. வேலை முடியுமுன், அந்த ஆண்டு ஜூன் 24 அன்று கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்குக் கட்டுமான ரிசர்வ் ஸ்டடியைக் கட்டாயமாக்கியது. டியூஸை ஏற்ற வேண்டாம் என்று மீட்டிங்கில் கைதூக்குவது எளிது. ஏற்றாத பணம் எங்கும் போய்விடுவதில்லை; பின்னால் ஒரே தவணையாக வந்து நிற்கிறது.

ஏற்றத்துக்கு வரம்பும் உண்டு, மாநிலத்தைப் பொறுத்து. கலிஃபோர்னியாவில் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் டியூஸை ஏற்றவோ, ஆண்டு பட்ஜெட் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போடவோ உறுப்பினர் வாக்கு வேண்டும். அவசரநிலைக்கு விலக்கு உண்டு. வேறு மாநிலங்களில் டிக்ளரேஷனிலேயே வரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

புது கம்யூனிட்டியில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரம்ப ஆண்டுகளில் போர்டு பில்டரின் கையில் இருக்கும். வீடுகள் விற்க வேண்டும் என்பதால் டியூஸைக் குறைவாக வைத்து, பற்றாக்குறையை அவரே ஈடுகட்டுவதும் உண்டு. நிர்வாகம் வீட்டுக்காரர்கள் கைக்கு மாறும்போது தொகை ஏறுவது வழக்கம். அந்த ஏற்றத்தை இப்போதே உங்கள் மாதக் கணக்கில் சேர்த்து வையுங்கள்.

படி 3: க்ளோசிங்கில் வரும் உதிரிக் கட்டணங்கள்

வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்தான் க்ளோசிங்; அதற்கு முன் தரும் செலவுப் பட்டியலான க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் எச்.ஓ.ஏ. பெயரில் பல வரிகள் இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஃபீ என்பது பெயர் மாற்றத்துக்கு. கேபிடல் கான்ட்ரிப்யூஷன் என்பது புதிதாக வருபவர் ஒரே முறை பொது நிதிக்குத் தருவது, திரும்ப வராது. அதோடு, அந்தக் காலாண்டின் மீதி நாட்களுக்கான டியூஸ் பங்கு. இவற்றை யார் கட்டுவது என்பது பெரும்பாலும் பேசி முடிவு செய்வதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள்.

காண்டோ, டவுன்ஹோம் வாங்குபவர்கள் தங்கள் எச்.ஓ.-6 (காண்டோ உரிமையாளருக்கான இன்ஷூரன்ஸ்) பாலிசியில் ‘லாஸ் அசெஸ்மென்ட்’ பாதுகாப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தீ, புயல் போன்ற சேதத்தால் வரும் ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டில் உங்கள் பங்கை அது தாங்கலாம். பழசாகிப்போன கூரையை மாற்றும் செலவுக்கு அது உதவாது.

படி 4: கட்டும் ஒழுங்கு

ஆட்டோபே போடுங்கள், ஆண்டுத் தொடக்கத்தில் தொகை மாறியிருக்கிறதா, மேனேஜ்மென்ட் கம்பெனி மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். கம்பெனி மாறும்போது பழைய கணக்குக்கே பணம் போய்க்கொண்டிருப்பதுதான் தாமதத்துக்கு அடிக்கடி காரணமாகிறது.

தாமதமானால் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் 15 நாள் தாண்டினால்தான் தாமதம். லேட் ஃபீ தொகையில் 10 சதவீதம் அல்லது 10 டாலர், எது அதிகமோ அதற்கு மேல் போகாது. வட்டி 30 நாளுக்குப் பிறகுதான், ஆண்டுக்கு 12 சதவீதம் வரை. வட கரோலினாவில் மாதம் 20 டாலர் அல்லது கட்டாத தவணையில் 10 சதவீதம், இதில் அதிகமானது. ஸ்டேட்மென்ட்டில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. தபால் நிலையம் கடிதங்களை 30 நாள் வரைதான் பிடித்து வைக்கும். புல் அதற்கு முன்பே வளர்ந்துவிடும். புல் வெட்ட ஆளும், தபால் பெட்டியைப் பார்க்க ஒரு நண்பரும் வேண்டும். தபால் துறையின் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’ சேவையில் இலவசமாகப் பதிந்தால் வரும் உறைகளின் படம் மின்னஞ்சலில் வரும். கடிதம் அனுப்பிய தேதியிலிருந்துதான் பல கெடுக்கள் ஓடத் தொடங்கும் என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

குடியிருக்கும் வீட்டின் டியூஸுக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் அது செலவாகக் கழியும். குடித்தனக்காரர் செய்யும் மீறலுக்குப் பொதுவாக அபராதம் உங்கள் பெயரில்தான் வரும். வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு விதி சேருங்கள்.

படி 5: வயலேஷன் கடிதம் வந்துவிட்டது

குப்பைத்தொட்டி தெருவில், புல் உயரம், வேலிக்கு வேறு நிறம், டிரைவ்வேயில் வேன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கோபப்பட்டு உடனே போன் செய்யாதீர்கள். கடிதத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த விதி, எந்தத் தேதியில் என்ன கண்டார்கள், சரிசெய்ய எத்தனை நாள், ஹியரிங் (உங்கள் தரப்பை நேரில் சொல்லும் விசாரணை) கேட்கக் கடைசி நாள் எது. இவற்றில் ஒன்று இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபம்.

சரிசெய்யக்கூடியது என்றால் உடனே செய்துவிட்டு, தேதியோடு புகைப்படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். “கடிதம் கிடைத்தது, இன்ன தேதியில் சரிசெய்தேன், படம் இணைத்துள்ளேன், இந்த விஷயம் முடிந்ததாக எழுத்தில் உறுதிசெய்யவும்” என்று நான்கு வரி போதும். பெரும்பாலான விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் உறுதி வாங்காமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அதே புகார் இரண்டாவது மீறலாக எண்ணப்படக்கூடும்.

நீங்கள் மீறவில்லை, அல்லது விதியே சரியில்லை என்றால் ஹியரிங் கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு.

டெக்சாஸில் அபராதத்துக்கு முன் சர்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் வர வேண்டும். அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் ஹியரிங் கேட்கலாம். கேட்டால் போர்டு 30 நாளுக்குள் நடத்த வேண்டும். உங்களுக்கு எதிராக அவர்கள் காட்டப்போகும் ஆவணங்களை 10 நாள் முன்பே தர வேண்டும். தராவிட்டால் 15 நாள் ஒத்திவைப்பு உங்கள் உரிமை. ஹியரிங்கை ஒலிப்பதிவு செய்யலாம். அபராதம் விதிக்கும் சங்கம் எழுத்து வடிவில் ஒரு அபராதக் கொள்கை வைத்து அதை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024இலிருந்து சட்டம்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜூலை முதல் ஒரு மீறலுக்கு 100 டாலர்தான் உச்சம். பிறரின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று போர்டு திறந்த கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாக முடிவு செய்தால் மட்டுமே அதற்கு மேல் போகலாம். ஹியரிங்குக்கு முன் சரிசெய்துவிட்டால் அபராதமே கிடையாது. அபராதத்தின் மீது வட்டியோ லேட் ஃபீயோ போட முடியாது.

ஃப்ளோரிடா எச்.ஓ.ஏ.க்களில் போர்டு முன்மொழியும் அபராதத்தை, போர்டு உறுப்பினர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இல்லாத, குறைந்தது மூவர் கொண்ட குழு ஏற்க வேண்டும். குழு மறுத்தால் அபராதம் விழுந்துபோகும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. குற்றம் சாட்டுபவரே தீர்ப்பும் சொல்லும் நிலையை அது தவிர்க்கிறது.

வட கரோலினாவில் நிலைமை கடுமை. ஹியரிங் முடிவுக்கு 5 நாளுக்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 டாலர் வரை, மறு ஹியரிங் இல்லாமலே ஓடலாம். ஒரு மாதத்தில் 3,000 டாலர் ஆகிவிடும். அங்கே இருப்பவர்கள் முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு வாதாடுவதே நல்லது. சட்டங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், உங்கள் மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் தற்போதைய வாசகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹியரிங்குக்குப் போகும்போது விதியின் அச்சுப் பிரதி, உங்கள் படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். அதே மீறலோடு வேறு வீடுகள் கடிதம் வாங்காமல் இருந்தால் அந்தப் படங்களும் உதவும். ஒருவர் மீது மட்டும் விதியைப் பாய்ச்சுவது நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். அண்டை வீட்டுக்காரரைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். முடிவெடுப்பவரும் அண்டை வீட்டுக்காரர்தான்.

சில விஷயங்களில் அவர்கள் கையைச் சட்டமே கட்டியிருக்கிறது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ் ஆன்டெனாவை உங்கள் சொந்த இடத்தில் வைப்பதைத் தடுக்க முடியாது. அது மத்திய விதி. சோலார் பலகைக்கு டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் பாதுகாப்பு உண்டு. வறட்சி அவசரநிலையின்போது தண்ணீரைக் குறைத்ததால் காய்ந்த புல்லுக்குக் கலிஃபோர்னியாவில் அபராதம் போட முடியாது. நம் வீடுகளுக்கு முக்கியமானது இன்னொன்று: வாசற்கதவில் மத நம்பிக்கை சார்ந்த பொருள் மாட்டுவதை டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டும் காக்கின்றன. அளவு, இடம் பற்றிய வரம்புகள் உண்டு என்றாலும், மாவிலைத் தோரணத்தைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தால் பேசாமல் கழற்றிவிடாதீர்கள். சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் எழுதுங்கள்.

வேலி, பெயின்ட், பேட்டியோ, மரம் வெட்டுவது எதுவானாலும் வெளித்தோற்ற மாற்றங்களைப் பார்க்கும் ஆர்க்கிடெக்சுரல் கமிட்டியின் எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். போர்டு உறுப்பினர் ஒருவர் வாய்மொழியாகச் “செய்யுங்க, பரவாயில்லை” என்று சொன்னதை அனுமதி என்று நம்பி இருக்க முடியாது.

படி 6: தகராறு நடக்கும்போதும் டியூஸ் போய்க்கொண்டே இருக்கட்டும்

அபராதம் அநியாயம் என்பதற்காக டியூஸை நிறுத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே கடனாளி ஆகிவிடுகிறீர்கள். டெக்சாஸில் வீட்டுக்காரர் அனுப்பும் பணம் முதலில் டியூஸ் பாக்கிக்கும், வெகு பின்னால்தான் அபராதத்துக்கும் போக வேண்டும் என்று சட்டம் வரிசை போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் டியூஸுக்குத்தான் முதலிடம். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை என்பதால், “இது ஏப்ரல் டியூஸுக்கு மட்டும்” என்று காசோலையிலும் மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வழி: ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டிவிட்டு, ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். அங்கே தனிநபருக்கான வரம்பு 12,500 டாலர். வழக்கறிஞர் இல்லாமலே வாதாடும் இடம்.

படி 7: பாக்கி சேர்ந்துவிட்டால்

முதலில் நினைவூட்டல், பிறகு டிமாண்ட் கடிதம், பிறகு வழக்கறிஞர் அலுவலகம், பிறகு லியன் (பாக்கிக்காக வீட்டின் மீது பதியும் உரிமை), கடைசியில் ஃபோர்க்ளோஷர் (அந்தப் பாக்கிக்காக வீட்டை ஏலம் விடுவது). வழக்கறிஞர் கைக்குப் போனதும் அவருடைய கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும். 400 டாலர் பாக்கி ஆயிரங்களாவது இந்த இடத்தில்தான். ஆகவே வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால் இரண்டாவது கடிதத்துக்குக் காத்திருக்காமல் தவணைத் திட்டம் கேளுங்கள். டெக்சாஸில் 14க்கு மேல் மனைகள் உள்ள சங்கம் குறைந்தது 3 மாதத் தவணை வழங்கும் கொள்கை வைத்திருக்க வேண்டும். வசூல் நிறுவனத்திடம் கொடுக்கும் முன் 45 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். வசூலிக்கும் வழக்கறிஞருக்கும் மத்திய கடன் வசூல் சட்டம் பொருந்தும். கடனை எழுத்தில் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டை ஏலம் விடுவதற்கும் எல்லைகள் உண்டு. டெக்சாஸில் வெறும் அபராதத்துக்காகவும் அது சார்ந்த வழக்கறிஞர் கட்டணத்துக்காகவும் ஃபோர்க்ளோஷர் செய்ய முடியாது. கலிஃபோர்னியாவில் டியூஸ் பாக்கி 1,800 டாலரை எட்ட வேண்டும், அல்லது 12 மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும். ஏலம் போன பிறகும் பணத்தைக் கட்டி மீட்க டெக்சாஸில் 180 நாள், கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் வழியாக அல்லாத ஏலத்துக்கு 90 நாள் உண்டு. நெவாடாவில் ஒன்பது மாத டியூஸ் பாக்கிக்கு வங்கிக் கடனைவிட முன்னுரிமை உண்டு; எச்.ஓ.ஏ. ஏலத்தால் வங்கியின் முதல் அடமானமே அழிந்துபோகலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. டியூஸுக்குச் சட்டம் எவ்வளவு எடை தருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படி 8: கணக்கைக் கேளுங்கள், கூட்டத்துக்குப் போங்கள்

பட்ஜெட், வங்கி அறிக்கை, ஒப்பந்தங்களைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. டெக்சாஸில் சர்டிஃபைட் மெயிலில் கேட்டால் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கு நம்மவர்கள் வருவது மிகக் குறைவு. போக முடியாவிட்டால் வாக்குச் சீட்டையாவது அனுப்புங்கள். அபராதப் பட்டியலை எழுதுவதும் தோட்ட ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அங்கே ஜெயிப்பவர்கள்தான். நேரம் உள்ளவர்கள் போட்டியிடவும் வேண்டும்.

படி 9: விற்கும்போது

உரிமை மாற்றத்தைக் கையாளும் டைட்டில் கம்பெனி எச்.ஓ.ஏ.விடம் பாக்கி விவரம் கேட்கும். அது வரும் முன்பே நீங்கள் ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். எப்போதோ போட்ட 50 டாலர் அபராதம், தள்ளுபடி செய்ததாகச் சொல்லியும் எடுக்காத லேட் ஃபீ எல்லாம் க்ளோசிங் வாரத்தில் தலைகாட்டும். அப்போது வாதாட நேரம் இருக்காது, கட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். முன்பு வாங்கி வைத்த எழுத்து உறுதிகளும் ஆர்க்கிடெக்சுரல் அனுமதிகளும் இங்கே தேவைப்படும். வாங்குபவரிடம் அவற்றின் நகலைக் கொடுங்கள். க்ளோசிங் முடிந்த பிறகு பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள்.